காரில் ஆம்ப்ளிஃபயர்: பொருத்துதலும் இசைவித்தலும்

காரின் டேஷ்போர்டில் பொருத்தப்படும் ஹெட் யூனிட்டின் அட்டைப்பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருப்பது வழக்கம். அதனுள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபயர் சில்லு காரின் மின்சாரத்தை அப்படியே எடுத்துக்கொள்வதால், அந்த அளவைத் தொடர்ச்சியாகத் தர அதனால் இயலாது என்பதை எளிய கணக்கே காட்டிவிடும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட், சில்லிலிருந்து வெளியேறும் அலையின் உச்சம் அதைத் தாண்ட முடியாது. சீராக ஏறி இறங்கும் ஒற்றைத் தொனியான சைன் அலைக்கு, உச்சத்தை 1.414ஆல் வகுத்துக் கிடைப்பதே பயனுறு மின்னழுத்தம் என்பதால், அது 10.2 வோல்ட்டில் நின்றுவிடுகிறது. அதன் வர்க்கத்தை ஸ்பீக்கரின் 4 ஓம் மின்மறுப்பால் வகுத்தால் 26 வாட் கிடைக்கும்; சில்லின் உள்ளிழப்புகள் போக, செவிக்குத் தூய்மையாகக் கேட்கும் அளவு 15 முதல் 20 வாட்தான்.

தனி ஆம்ப்ளிஃபயர் இந்த எல்லையைத் தாண்டுவதற்குக் காரணம், அதனுள் அமைந்த மின்மாற்றுப் பகுதியாகும். அது மின்கலத்தின் நேர்திசை மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்து வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மரில் செலுத்தி, இருபுறமும் 30 வோல்ட்டோ அதற்கு மேலோ ஆக உயர்த்திக் கொடுக்கிறது. உயர்த்தப்பட்ட அந்த மின்னழுத்தத்துக்கும் ஓர் உச்சம் உண்டு; ஹெட் யூனிட்டின் வெளியீட்டுக்கும் ஸ்பீக்கரின் கூம்பு அசையும் தூரத்துக்கும் அவ்வாறே தனித்தனி உச்சங்கள் உண்டு. இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தத்தம் எல்லையை எட்டுமாறு ஒன்றோடொன்று பொருத்துவதே ட்யூனிங் என்னும் வேலையின் சாரம். ஏதேனும் ஒரு கட்டம் மற்றவற்றுக்கு முன்னதாகத் தன் எல்லையைத் தொட்டுவிட்டால், அதற்குப் பின்னுள்ள கருவிகள் எவ்வளவு விலையுயர்ந்தவையாக இருப்பினும் அவை பெருக்கித் தருவது திரிந்த ஒலியைத்தான்.

எவ்வளவு திறன் வேண்டும்

பெட்டியில் காணப்படும் ‘மேக்ஸ்’, ‘பீக்’, ‘பி.எம்.பி.ஓ.’ ஆகிய எண்கள் வாங்குபவருக்கு எவ்விதத்திலும் உதவாதவை. ஆர்.எம்.எஸ். எனக் குறிக்கப்படும் தொடர் திறன் மட்டுமே கணக்கில் கொள்ளத்தக்கது. அதிலும் எந்த மின்னழுத்தத்தில், எத்தனை ஓமுக்கு, எவ்வளவு திரிபோடு அளந்தது என்பதைச் சொல்லாத எண்ணை நம்புவதற்கில்லை. அமெரிக்க நுகர்வோர் மின்னணுவியல் சங்கம் 2003இல் வெளியிட்ட சி.இ.ஏ.-2006 என்னும் தரநிலை, 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், 1 சதவீதத்துக்கு மிகாத திரிபுடன் அளக்க வேண்டும் என்று வரையறுத்ததால், அதன்படி அளந்த இரு ஆம்ப்ளிஃபயர்களையாவது நேர்மையாக ஒப்பிட முடிகிறது.

இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்காட்டாக, சிறு ஹேட்ச்பேக் கார்களில் பரவலாகச் செய்யப்படும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வது பொருந்தும். 4 சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் முன் இரண்டு சேனல்கள் முன்கதவுகளிலுள்ள 60 வாட் ஸ்பீக்கர்களை இயக்குகின்றன. பின் இரண்டு சேனல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டு, அதாவது பிரிட்ஜ் செய்யப்பட்டு, தாழ்ந்த ஒலிகளுக்கென டிக்கியிலுள்ள 4 ஓம் சப்வூஃபர் ஒன்றுக்கு 200 வாட் தருகின்றன. பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் சுமையின் பாதியையே காண்கிறது என்பதை மறக்கலாகாது. 4 ஓம் சப்வூஃபர் என்பது அதற்கு 2 ஓம். ஆகவே 2 ஓமில் நிலையாக இயங்கும் என்று தயாரிப்பாளர் உறுதியளித்த ஆம்ப்ளிஃபயரில் மட்டுமே இவ்வாறு இணைக்கலாம். இரட்டைக் காயில் கொண்ட சப்வூஃபராயின், 4 ஓம் காயில்கள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம், தொடர் இணைப்பில் சேர்த்தால் 8 ஓம் என மாறும் என்பதால், வாங்குவதற்கு முன்பே ஆம்ப்ளிஃபயரையும் சப்வூஃபரையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

மொத்த வெளியீடு 320 வாட். ஏ.பி. வகுப்பு ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேலானதையே ஒலியாக்குகிறது, மிச்சத்தை வெப்பமாக விட்டுவிடுகிறது. அதன் திறன் விகிதத்தை 55 சதவீதம் எனக் கொண்டால், அது மின்கலத்திலிருந்து 582 வாட், அதாவது 13.8 வோல்ட்டில் 42 ஆம்பியர் இழுக்கும். டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் 85 சதவீதத்தில் இயங்கினால் அதே ஒலிக்கு 27 ஆம்பியர் போதும். வெயிலில் நிறுத்திய காரின் உட்பகுதி 50 பாகை செல்சியஸைக் கடந்துவிடும் நாட்டில், சீட்டுக்கு அடியிலுள்ள காற்றோட்டமற்ற இடத்தில் பொருத்த நேரும்போது, டி வகுப்பைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைய முடிவாகும். டி வகுப்பின் ஒலி தரம் குறைந்தது என்ற பழைய எண்ணத்தை, இன்றைய நல்ல கருவிகளைப் பொறுத்தவரை, கைவிட்டுவிடலாம்.

மின்வழியும் எர்த்தும்

வேலையைத் தொடங்கும் முன், 10 எம்.எம். ஸ்பேனரால் மின்கலத்தின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அது தற்செயலாகத் திரும்பத் தொடாதவாறு துணியால் சுற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். எல்லா இணைப்புகளும் முடிந்து, ஒவ்வொன்றும் சரிபார்க்கப்பட்ட பிறகே அதை மீண்டும் மாட்ட வேண்டும்.

மின்கலத்திலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை செல்லும் கேபிளின் பருமனைத் தீர்மானிப்பது அதன் நீளமும் மின்னோட்டமும். 8 கேஜ் செப்புக் கேபிளின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 8.4 சதுர மில்லிமீட்டர். 5 மீட்டர் நீளத்தில், 42 ஆம்பியர் பாயும்போது அதில் 0.43 வோல்ட் வீணாகும். 4 கேஜ் கேபிளின் பரப்பு 21 சதுர மில்லிமீட்டர் என்பதால் அதே இழப்பு 0.17 வோல்ட்டாகக் குறைந்துவிடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேபிள் தொகுப்புகள் பலவற்றில், அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செப்புப் பூச்சு மட்டுமே இருக்கிறது. அத்தகைய கம்பியின் கடத்துதிறன் தூய செம்பின் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆகையால் தடித்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்து ஏமாறாமல், ஓர் இழையைக் கத்தியால் சுரண்டி, உள்ளே வெண்மை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்காக இருப்பது என்று பலரும் எண்ணுகின்றனர். மின்கலத்தின் அருகில் இருக்கும் ஃபியூஸின் பணி கேபிளைக் காப்பதும், கேபிளால் கார் தீப்பற்றாமல் காப்பதுமாகும். விபத்திலோ உராய்விலோ உறை கிழிந்து, கம்பி காரின் உலோக உடலைத் தொட்டால், மின்கலம் ஒரு கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். அதைத் தடுக்கக்கூடிய ஒரே பொருள் ஃபியூஸ். அதுவும் தனக்கு அப்பாலுள்ள கம்பியை மட்டுமே காக்க முடியும் என்பதால், மின்கலத்திலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் அதைப் பொருத்தியாக வேண்டும். எடுத்துக்காட்டு அமைப்புக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் போதும். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டுத் துளையில் ரப்பர் புஷ் இல்லாமல் கேபிளை இழுப்பது, மேற்சொன்ன தீ விபத்துக்குத் தேதி குறித்து வைப்பதற்குச் சமம். இந்த ஒரு செயலில் எந்தச் சமாதானமும் கூடாது.

ஆம்ப்ளிஃபயரின் எர்த் கேபிள் பாசிட்டிவ் கேபிளின் அதே பருமனில், 45 சென்டிமீட்டருக்கு மிகாமல், காரின் உடற்சட்டத்தோடு சேர வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டிவிடும் வழக்கம் பாதுகாப்புக்கும் ஒவ்வாதது, மின்தொடர்புக்கும் நல்லதன்று. சட்டத்தின் கனமான பகுதி ஒன்றில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்கு எமரி தாளால் பெயின்ட்டையும் அதன் அடியிலுள்ள சாம்பல் நிறப் பூச்சையும் தேய்த்து, வெள்ளி போல் மின்னும் உலோகம் வெளிப்படும்வரை சுத்தம் செய்ய வேண்டும். கேபிள் முனையில் லக் ஒன்றைச் செருகி, கையால் இழுத்தாலும் அசையாதபடி கிரிம்ப் செய்து, பல் கொண்ட வாஷருடன் போல்ட்டை இறுக்கிய பின், இணைப்பின் மேற்புறத்தில் பெயின்ட்டோ கிரீஸோ பூசி மூடிவிட வேண்டும். உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இந்தப் பூச்சைத் தவிர்த்தால், தேய்த்த இடம் துருவேறி, முதலில் நன்றாக இருந்த எர்த் நாளடைவில் கெட்டுப்போகும்.

எர்த் நன்றாக அமைந்ததா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. எஞ்சின் ஓட, பாடல் உரக்க ஒலிக்கும் வேளையில், மல்டிமீட்டரை நேர்திசை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் டெர்மினலிலும் மறுமுனையை, நீண்ட கம்பி ஒன்றின் உதவியால், மின்கலத்தின் நெகட்டிவ் முனையிலும் தொட வேண்டும். அளவு 0.1 வோல்ட்டை ஒட்டி இருந்தால் எர்த் நன்று, 0.3, 0.5 என்று ஏறினால், குறை எர்த் இணைப்பிலோ, மின்கலத்திலிருந்து உடற்சட்டத்துக்குச் செல்லும் காரின் சொந்தக் கேபிளிலோ இருக்கிறது என்று பொருள்.

ஹெட் யூனிட்டின் பின்புறத்திலிருந்து வரும், வெள்ளைக் கோடிட்ட நீல நிறக் கம்பியே ரிமோட் கம்பி. ஹெட் யூனிட் இயங்கும்போது மட்டும் அதில் 12 வோல்ட் வருவதால், ஆம்ப்ளிஃபயரை எழுப்பவும் உறங்க வைக்கவும் அது பயன்படுகிறது. ஒலிக்குறியைக் கடத்தும் ஆர்.சி.ஏ. கேபிளை, மின்கேபிள் செல்லும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தே ஆக வேண்டுமெனில், செங்குத்தாகக் குறுக்கிடலாம், இணையாக ஓடக் கூடாது. கார் நிறுவனமே பொருத்திய தொடுதிரை ஹெட் யூனிட்களில் ஆர்.சி.ஏ. வெளியீடு இல்லாமல் போகலாம். அந்நிலையில் ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே குறியை ஏற்கும் ஹை-லெவல் உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்து, காரின் கம்பிகளை வெட்டாமல் கப்ளர் வழியாகவே இணைப்பது, வாரன்ட்டி பற்றிய தகராறுகளைத் தவிர்க்கும்.

ஸ்பீக்கரின் நெகட்டிவ் முனையும் காரின் எர்த்தும் ஒன்றல்ல. பழைய கார்களில் ஒரு கம்பியை உடற்சட்டத்தோடு சேர்த்து இயக்கிய வழக்கத்தை நினைவில் வைத்திருக்கும் சிலர், இன்றும் அவ்வாறு செய்து, குறிப்பாக பிரிட்ஜ் இணைப்பில், ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைச் சுட்டுவிடுகின்றனர்.

கெயின்

ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் உள்ள கெயின் திருகு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் திருகு அல்ல. ஹெட் யூனிட் தரும் குறியின் மின்னழுத்தம் எவ்வளவாக இருக்கும்போது ஆம்ப்ளிஃபயர் தன் முழுத் திறனை எட்ட வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. சில ஹெட் யூனிட்கள் உச்சத்தில் 2 வோல்ட் தருகின்றன, சில 4 அல்லது 5 வோல்ட் தருகின்றன. இவை அனைத்தோடும் ஒத்துப்போகவே திருகின் ஒரு முனையில் 6 வோல்ட் என்றும் மறுமுனையில் 0.2 வோல்ட் என்றும் குறித்திருக்கும். 0.2 என்னும் சிறிய எண்ணே மிக அதிகமான பெருக்கத்தைக் குறிக்கிறது. திருகை அந்த முனைக்குத் தள்ளுவதால் ஆம்ப்ளிஃபயரின் திறன் ஒரு வாட்கூடக் கூடுவதில்லை; வால்யூமைக் கால்வாசி திருப்பும்போதே அது எல்லையைத் தொட்டுவிடுகிறது, அவ்வளவே. அதற்கு மேல் திருப்பும் ஒவ்வொரு படியும் திரிபையும் பின்னணி இரைச்சலையும் மட்டுமே சேர்க்கிறது.

எல்லை தாண்டிய அலையின் உச்சி கத்தியால் சீவியது போலத் தட்டையாகிவிடுவதைக் கிளிப்பிங் என்பர். முழுதும் தட்டையான சதுர அலை, அதே உச்சமுடைய சைன் அலையைவிட இருமடங்கு திறனைச் சுமக்கிறது. போதாக்குறைக்கு, மூலப் பதிவில் இல்லாத உயர் அதிர்வெண்கள் அதில் புதிதாகப் பிறந்து, உயர்ந்த ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டரின் மெல்லிய காயிலைச் சூடேற்றுகின்றன. சிறிய ஆம்ப்ளிஃபயரைக் கிளிப்பிங்கில் ஓட்டியதால் எரிந்த ட்வீட்டர்கள் பல உண்டு; ஆகவே ஸ்பீக்கர் எரிந்ததற்கு ஆம்ப்ளிஃபயர் பெரிதாக இருந்ததே காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது.

கெயினைச் செவியால் அமைக்க முடியாதா என்று கேட்கலாம். பழகிய செவி குரலில் எழும் கரகரப்பைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் சப்வூஃபரில் எழும் திரிபு தாழ்ந்த அதிர்வெண்களில் மறைந்துகொண்டு, ‘பேஸ் கூடியிருக்கிறது’ என்ற மயக்கத்தையே தரும். ஆகையால் மல்டிமீட்டரை நாடுவதே முறை. தேவையான வெளியீட்டு மின்னழுத்தம் என்பது, திறனை மின்மறுப்பால் பெருக்கி எடுத்த வர்க்கமூலமாகும். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டிய திறன், ஆம்ப்ளிஃபயரின் திறன், ஸ்பீக்கரின் திறன் ஆகிய இரண்டில் குறைவானது. எடுத்துக்காட்டில் ஆம்ப்ளிஃபயர் ஒரு சேனலுக்கு 75 வாட் தரவல்லதாக இருந்தாலும், கதவு ஸ்பீக்கர் 60 வாட்டே தாங்கும்; எனவே 60 × 4 = 240, அதன் வர்க்கமூலம் 15.5 வோல்ட். சப்வூஃபருக்கு 200 × 4 = 800, அதன் வர்க்கமூலம் 28.3 வோல்ட்.

முதலில் ஸ்பீக்கர் கம்பிகள் அனைத்தையும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மறந்து மாட்டியே வைத்தால், முழு அளவுத் தொனி ஸ்பீக்கரையும் கெடுக்கும், அருகிலிருப்பவரின் செவியையும் கெடுக்கும். ஹெட் யூனிட்டில் பேஸ், ட்ரெபிள், லவுட்னெஸ், ஈக்வலைசர் ஆகிய அனைத்தும் சுழியத்தில் நிற்க, ஆம்ப்ளிஃபயரின் பேஸ் பூஸ்ட் அணைந்திருக்க, கெயின் குறைந்த முனைக்குத் திருப்பப்பட்டிருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட வேண்டியிருப்பதால், கார் திறந்த வெளியில் நிற்பது கட்டாயம். மூடிய ஷெட்டில் புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்தானது. பின்னர், 0 டெசிபெல் எனப்படும், டிஜிட்டல் பதிவின் மிக உயர்ந்த அளவில் உருவாக்கிய சைன் தொனி ஒன்றை ஒலிக்கவிட்டு, ஹெட் யூனிட்டின் வால்யூமை அதன் முழு அளவின் முக்கால் பங்குக்கு உயர்த்த வேண்டும். பெரும்பாலான ஹெட் யூனிட்கள் அதற்கு மேலே எங்கோ தாமே கிளிப் ஆகத் தொடங்குவதால், முக்கால் என்பது காப்பான எல்லையாக அமைகிறது. கையடக்க ஆசிலோஸ்கோப் கிடைத்தால், அலையின் உச்சி தட்டையாகும் படியைக் கண்ணாலேயே கண்டு, அதற்கு ஒரு படி கீழே நிறுத்தலாம்.

சப்வூஃபர் சேனலுக்கு 50 ஹெர்ட்ஸ் தொனி பொருத்தமானது. கதவு ஸ்பீக்கர் சேனல்களுக்கு 1000 ஹெர்ட்ஸ் தொனியைப் பரிந்துரைக்கும் கையேடுகள் பல உள்ளன. ஆனால் மலிவான மல்டிமீட்டர்கள் சுமார் 400 ஹெர்ட்ஸ் வரையே மாறுதிசை மின்னழுத்தத்தைச் சரியாக அளக்கக்கூடியவை என்பதால், அத்தகைய மீட்டரை வைத்திருப்பவர் அதிர்வெண்களைப் பிரிக்கும் கிராஸ்ஓவரை அணைத்துவிட்டு 200 ஹெர்ட்ஸ் தொனியைப் பயன்படுத்துவதே நம்பத்தக்க வழி. மீட்டரை மாறுதிசை வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினல்களில் முனைகளைப் பிடித்து, கெயின் திருகைச் சிறிய ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை அளவாகத் திருப்பிக்கொண்டே போனால், எண் 9, 11, 14 என்று ஏறி 15.5ஐ எட்டும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிரிட்ஜ் செய்த சேனல்களில், பிரிட்ஜுக்கெனக் குறித்த இரு டெர்மினல்களுக்கு இடையே அளந்து 28.3இல் நிறுத்த வேண்டும். குறித்த வோல்ட்டை எட்டும் முன்பே எண் ஏறாமல் தயங்கினால், ஆம்ப்ளிஃபயரோ அதற்கு வரும் மின்சாரமோ தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று கொண்டு, சற்றுப் பின்னுக்குத் திருப்ப வேண்டும். மீட்டர் அலையின் அளவை மட்டுமே சொல்லும், வடிவத்தைச் சொல்லாது.

0 டெசிபெல்லுக்குப் பதில், அதைவிட 5 டெசிபெல் குறைந்த தொனியைக் கொண்டு அமைக்கும் வழக்கமும் இத்துறையினரிடம் உண்டு. இசைப் பதிவு ஒருபோதும் தொடர்ந்து முழு அளவில் நிற்பதில்லை என்பது அவர்கள் கூறும் நியாயம். அவ்வாறு அமைத்தால், முழு அளவு வரும் கணங்களில் 1.78 மடங்கு மின்னழுத்தம் கேட்கப்பட்டு, ஆம்ப்ளிஃபயர் அக்கணங்களில் கிளிப் ஆகும். அண்மைக் காலத் திரைப்பாடல்களில் பல, உச்ச அளவை ஒட்டியே அழுத்திப் பதிவாவதால், அவற்றையே மிகுதியாகக் கேட்பவருக்கு இந்தச் சலுகை தேவையற்றது, தீங்கும்கூட. மென்மையாகப் பதிவான பழைய கச்சேரிகளை விரும்பிக் கேட்பவர், கதவு ஸ்பீக்கர் சேனல்களில் மட்டும் இதை மேற்கொள்ளலாம், சப்வூஃபரில் வேண்டாம்.

கிராஸ்ஓவர்

ஒரே அளவு ஒலியழுத்தத்தை எழுப்ப, அதிர்வெண் பாதியாகும்போது ஸ்பீக்கரின் கூம்பு 4 மடங்கு தூரம் அசைய வேண்டியிருக்கிறது. 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்த கதவு ஸ்பீக்கர், 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர் அசைய முற்பட்டுத் தன் எல்லையை மீறுகிறது. அந்த வீணான அலைச்சலில், அதே கூம்பு எழுப்ப வேண்டிய பாடகரின் குரலும் கலங்கிப்போகிறது. எனவே தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டி உயர்ந்தவற்றை மட்டும் அனுப்பும் ஹை-பாஸ் வடிகட்டியைக் கதவு ஸ்பீக்கர்களுக்கும், அதற்கு நேர்மாறான லோ-பாஸ் வடிகட்டியைச் சப்வூஃபருக்கும் இட வேண்டும். 16 சென்டிமீட்டர் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கப் புள்ளி. துளையுள்ள பெட்டியில் அமைந்த சப்வூஃபராயின், 25 முதல் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை வெட்டும் சப்சானிக் வடிகட்டியும் இன்றியமையாதது; ஏனெனில் பெட்டி இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே காற்றின் தாங்குதல் நீங்கி, கூம்பு கட்டுப்பாடின்றி அலையத் தொடங்கும்.

வடிகட்டி எவ்வளவு செங்குத்தாக வெட்டுகிறது என்பதை ஆக்டேவுக்கு இத்தனை டெசிபெல் என்று குறிப்பர். ஆக்டேவ் என்பது அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி, அதாவது ஒரு ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை. 24 டெசிபெல் சரிவுள்ள லிங்க்விட்ஸ்–ரைலி வடிகட்டி, 1976இல் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்னும் இரு பொறியாளர்களால் அமைந்தது. இதில் இரு பகுதிகளும் சந்திக்கும் அதிர்வெண்ணில் ஒவ்வொன்றும் 6 டெசிபெல் குறைந்திருந்து, ஒரே கட்டத்தில் கூடிச் சமமான ஒலியாகின்றன. ஹெட் யூனிட்டிலும் ஆம்ப்ளிஃபயரிலும் கிராஸ்ஓவர் இருந்தால், ஒன்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரண்டையும் இயக்கினால் சரிவு இரட்டிப்பாகி, நடுவில் ஒரு பள்ளம் விழும்.

ஸ்பீக்கர்களை மீண்டும் இணைத்த பின், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, 80 ஹெர்ட்ஸ் தொனியை மிதமாக ஒலிக்கவிட்டு, சப்வூஃபரின் முனைமையை 0, 180 பாகைகளுக்கிடையே மாற்றிப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் ஒலி கூடுதலாகக் கேட்கிறதோ அதுவே சரி. மற்றதில் கதவும் சப்வூஃபரும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

இதற்குச் செவிச் சோதனையாக மிருதங்கத் தனியாவர்த்தனத்தைவிடச் சிறந்த ஒலிப்பதிவு எளிதில் கிடைக்காது. தொப்பியின் கும்காரமும் வலந்தலையின் நாதமும் ஒரே வாத்தியத்தில் ஒரு முழ இடைவெளியில் பிறப்பவை. கிராஸ்ஓவர் சரியாக அமைந்தால் இரண்டும் கண்ணாடிக்கு முன்னே ஓரிடத்திலிருந்தே எழும். தொப்பி மட்டும் முதுகுக்குப் பின்னிருந்து வந்தால், சப்வூஃபரின் அளவு மிகுந்திருக்கிறது, அல்லது லோ-பாஸ் எல்லை உயர்ந்திருக்கிறது. அதை 70, 63 என்று இறக்கிக்கொண்டே கேட்க வேண்டும். தவில் கேட்டுப் பழகியவர்க்கு அதுவும் உதவும். இயந்திரத் தாளம் நிறைந்த பாடல்கள் இதற்கு உதவா. அந்த ஒலிகள் உண்மையில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு ஒப்பீடே இல்லை.

காலமும் ஈக்வலைசரும்

இந்தியாவிலும் இலங்கையிலும் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், வலக்கதவின் ஒலி முந்தியும் இடக்கதவின் ஒலி பிந்தியும் வந்து, பாடகர் முழங்காலுக்கு அருகே நின்று பாடுவது போலத் தோன்றும். டி.எஸ்.பி. எனப்படும் டிஜிட்டல் ஒலிச் செயலி உள்ள கருவிகளில் இதைத் திருத்தலாம். வெதுவெதுப்பான காற்றில் ஒலி ஒரு மில்லி நொடிக்குச் சுமார் 35 சென்டிமீட்டர் செல்கிறது. ஓட்டுநரின் தலையிலிருந்து சப்வூஃபர் 210, இடக்கதவு 140, வலக்கதவு 85 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், மிகத் தொலைவிலுள்ள சப்வூஃபரை அப்படியே விட்டு, இடக்கதவை 2 மில்லி நொடியும் வலக்கதவை 3.6 மில்லி நொடியும் தாமதப்படுத்த வேண்டும். டேப்பால் அளந்த கணக்கு தொடக்கம்தான். பிறகு ஒரு பெண் குரலை ஒலிக்கவிட்டு, அது டேஷ்போர்டின் நடுவில் ஊசிமுனையாய் நிற்கும்வரை 0.1 மில்லி நொடி வீதம் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

ஈக்வலைசரில் கூட்டுவதைவிடக் குறைப்பதே என்றும் நலம். 3 டெசிபெல் கூட்டினால் அந்த அதிர்வெண்ணில் இருமடங்கு திறனும், ஆம்ப்ளிஃபயரின் பேஸ் பூஸ்ட்டை 12 டெசிபெல் திருப்பினால் ஏறக்குறைய 16 மடங்கு திறனும் தேவைப்படும். 200 வாட்டுக்கு அமைத்த சப்வூஃபரிடம் 3200 வாட் கேட்பதற்கு அது ஒப்பாகும். மீட்டர் வைத்துக் கவனமாக அமைத்த கெயின் அனைத்தையும் அந்த ஒரு திருகு பாழாக்கிவிடும். மேலும், மூடிய சிறு அறையான கார், தாழ்ந்த அதிர்வெண்களைத் தானாகவே உயர்த்தித் தருகிறது. கூட்டுவதற்கு அவசியமே எழுவதில்லை.

எல்லா ஆக்டேவ்களிலும் சம ஆற்றல் பரவிய பிங்க் நாய்ஸ் என்னும் இரைச்சலை ஒலிக்கவிட்டு, அளவீட்டு மைக்கைத் தலை இருக்கும் இடத்தைச் சுற்றி மெதுவாக அசைத்துக்கொண்டே, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈ.க்யூ. விசார்ட் போன்ற மென்பொருளில் வரைபடத்தைப் பார்க்கலாம். மேடுகளைக் குறைக்கலாம், குறுகிய பள்ளங்களை நிரப்ப முயலக் கூடாது, ஏனெனில் அவை பெரும்பாலும் எதிரொலிகள் ஒன்றையொன்று அழிப்பதால் நேர்பவை, எவ்வளவு ஊட்டினாலும் நிரம்பாதவை. நீண்ட நேரம் சோதிப்பவர் அளவைக் கண்காணிக்கவும் வேண்டும்: 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் வரை காப்பு எனக் கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகிறது, 100 டெசிபெல்லில் அது கால் மணி நேரம்.

இரைச்சல் எழுந்தால்

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் சீழ்க்கை ஒலி கேட்டால், ஆல்டர்னேட்டரின் அலைவு ஒலிவழியில் நுழைகிறது என்று பொருள். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றி, உள்ளீட்டில் குறுக்கிணைத்த வெற்று பிளக்குகளைச் செருகி மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். சீழ்க்கை நின்றுவிட்டால் குறை ஹெட் யூனிட்டின் பக்கமோ கேபிள் சென்ற வழியிலோ உள்ளது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தையே மறுபடி பார்க்க வேண்டும். வடிகட்டிப் பெட்டிகளை இடையில் செருகி ஒலியை அடக்குவது குறையை மூடி மறைக்குமேயன்றித் தீர்க்காது. எஞ்சின் வேகத்தோடு மாறாத ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிரைச்சல் வேறு வகை. கெயின் தேவைக்கு மேல் உயர்ந்திருப்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

எல்லாம் முடிந்த பின், வால்யூமின் முக்கால் எல்லை எந்த எண், ஒவ்வொரு சேனலின் வோல்ட், கிராஸ்ஓவர் எண்கள், தாமதங்கள் ஆகியவற்றைத் தாளில் எழுதி, காரின் ஆவணங்களோடு வைத்துவிட வேண்டும். மின்கலத்தை மாற்றும்போது சில கருவிகள் தம் நினைவை இழந்துவிடக்கூடும். ஒரு மாதம் ஓடிய பிறகு, அரைமணி நேரம் உரக்க இசைத்துவிட்டு, ஃபியூஸ் தாங்கியையும் எர்த் லக்கையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள உலோகத்தைவிட ஏதேனும் ஓர் இணைப்பு மட்டும் சூடாக இருந்தால், அங்கே கிரிம்போ திருகோ தளர்ந்திருக்கிறது. மின்கலத்தின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, அந்த இணைப்பை வெட்டிப் புதிதாகச் செய்ய வேண்டும்.